பொதிகையின் மறைவில் பெய்யும் மழை: தாமிரபரணிப் படுகைக்குக் குறுந்தொலைவு ரேடார்

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவாயிற்று. முன்னறிவிப்பு போதுமானதாக இருந்ததா என்று அப்போது பெரிதும் விவாதித்தோம். பெய்துகொண்டிருந்த மழையையாவது உரிய உயரத்தில் பார்த்தோமா என்பது அதைவிட அடிப்படையான கேள்வி.

கணக்கு எளியது. இஸ்ரோவின் சி-பேண்ட் டாப்ளர் ரேடார் தும்பாவில் இருக்கிறது. அங்கிருந்து திருநெல்வேலிக்குக் கோடு இழுத்தால் அது ஏறத்தாழ பொதிகை எனப்படும் அகத்தியமலையின் மேலாகவே செல்கிறது. சுமார் 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தைத் தாண்ட, கற்றை 2.3 பாகைக்கு மேல் நிமிர வேண்டும். திருநெல்வேலியை எட்டும்போது அது தரையிலிருந்து நாலரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். ஏறக்குறைய பனித்துகள் உருகும் மட்டம். காரைக்கால் ரேடாரோ காயல்பட்டினத்துக்கு 320 கி.மீ. தொலைவில். அதன் தாழ்ந்த கற்றையும் அங்கே எட்டரை கிலோமீட்டருக்கு மேல்தான் போகும். கீழ்க்காற்று கொணரும் ஈரம் மலைச்சரிவில் ஏறிப் பெய்யும் மழையில் பெரும்பகுதி இந்த உயரங்களுக்குக் கீழேயே உருவாகிவிடுகிறது.

ராமநாதபுரத்தில் சி-பேண்ட் ரேடார் அமைக்கும் அரசின் திட்டம் சமவெளிக்கு மிக உதவும், அதை வரவேற்கிறேன். ஆனால் பொதிகை அங்கிருந்து 190 கி.மீ. ஒரு பாகை அகலமுள்ள கற்றை அத்தனை தூரத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் விரிந்துவிடும். அடுத்தடுத்த மலைச்சரிவுகளில் பெய்யும் மழையின் வேறுபாடு தெரியாது.

ஆகவே தாமிரபரணிப் படுகைக்கு வேண்டியவை, அருகிலிருந்தே நோக்கும், சுமார் 3 செ.மீ. அலைநீளமுள்ள எக்ஸ்-பேண்ட் ரேடார்கள். பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் ஒன்று இயங்குகிறது. ஜப்பான் 2010 முதல் இத்தகைய ரேடார்களை வலைப்பின்னலாகவே அமைத்துள்ளது. இதற்கு எதிரான வலுவான வாதம், கனமழை இந்தச் சிற்றலையை விழுங்கிவிடும் என்பது. உண்மைதான், அதனால்தான் ஒன்று போதாது என்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் ஒன்றும் கடற்கரையில் ஒன்றுமாக, ஒரே மழையை இருபுறமிருந்து நோக்க வேண்டும்.

இரட்டை முனைவாக்கமும் இன்றியமையாதது. 40 டெசிபல் எதிரொலியை, 1948இல் கனடாவில் உருவான மார்ஷல்–பால்மர் சூத்திரம் மணிக்கு 12 மி.மீ. மழை என்று கணக்கிடும். வெப்பமண்டலச் சூத்திரம் ஒன்று 22 மி.மீ. என்னும். சிறுதுளிகள் மிகுந்த நம் மழையில் எதிரொலியின் வலிமையை மட்டும் நம்பினால் வெள்ளத்தைப் பாதியாகக் குறைத்து மதிப்பிடுவோம். இரட்டை முனைவாக்க ரேடார் அளக்கும், கிடை, செங்குத்து அலைகளுக்கிடையிலான கட்ட வேறுபாடு, அலை வலுவிழந்தாலும் பெரிதும் பிறழாது. மழை வலுக்க வலுக்கத் தெளிவாகும்.

தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கி.மீ. மட்டுமே. 2023இல் அணைகளுக்குக் கீழே, சமவெளியிலேயே கொட்டிய நீர் சிற்றாறு வழியாகவும் குளங்கள் உடைந்தும் ஆற்றில் சேர்ந்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் மதகுகளை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை முடிவுசெய்யும் பொறியாளருக்கு, சிற்றாறு வந்து சேரும் சிவலப்பேரிக்கு மேலும் கீழும் அந்த மணியில் என்ன பெய்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். ரேடாரின் அளவைச் சரிபார்க்க மலைமேலுள்ள நாலுமுக்கிலும் ஊத்திலும் தானியங்கி மழைமானிகள் ஐந்து நிமிடத்துக்கொருமுறை பதிவு அனுப்ப வேண்டும். நாளொன்றுக்கு ஒருமுறை எடுக்கும் அளவு இதற்கு உதவாது.