பல்லோடு ஒட்ட மறுத்த பசையின் கதை

பல் அடைப்பது என்றால், ஓட்டைக்குள் எதையாவது வைத்து மூடுவதுதானே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த அடைப்பைப் பல்லோடு உண்மையாகவே ஒட்ட வைப்பதற்கு எத்தனை பேர் எத்தனை வருடம் பாடுபட்டார்கள் என்பது நாம் அறிய வேண்டிய வரலாறு. ஏனென்றால், "அடைச்சாலும் உழுந்துடும் சேர், கழட்டிப் போட்டா நிம்மதி" என்ற பேச்சைப் பெற்றோரிடம் நாம் இன்றும் கேட்கிறோம்.

அந்தப் பேச்சிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. பாதரசம் கலந்த உலோக அடைப்பு தானாகப் பல்லில் ஒட்டாது. ஆகவே வாய் சிறுத்து அடி அகன்ற பானை போல குழி தோண்டி, அதற்குள் உலோகத்தை இறுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பல் வைத்தியர் ஜி. வி. பிளாக் இந்த முறையை ஒழுங்குபடுத்தினார். மீண்டும் சூத்தை வராதிருக்க, சுற்றியுள்ள நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டச் சொன்னார். சிறு சூத்தைக்காக நல்ல பல்லும் பறிபோனது.

திருப்பம் வந்தது 1955இல். அமெரிக்காவின் ரொசெஸ்டர் நகரில் மைக்கேல் புவோனகோர் என்ற ஆய்வாளர் ஒரு விடயத்தைக் கவனித்தார். தொழிற்சாலைகளில் உலோகத்துக்குப் பெயின்ற் நன்றாகப் பிடிக்கட்டும் என்று முதலில் பொஸ்போரிக் அமிலம் பூசுகிறார்கள். அதையே பல்லில் செய்தால் என்ன? அமிலத்தைப் பல்லின் மேல் 30 செக்கன் வைத்துக் கழுவினார். மிளிரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பள்ளங்கள் உண்டாயின. பிசின் அவற்றுக்குள் இறங்கி இறுகி, வேர் விட்டதுபோல் பிடித்துக்கொண்டது. 1962இல் ரபாயேல் போவன், கண்ணாடித் தூள் போன்ற துகள்களோடு கலந்து பயன்படுத்தக்கூடிய உறுதியான பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் பல் நிற அடைப்பின் தொடக்கம் அதுதான்.

ஆனால் மிளிரி பல்லின் வெளி ஓடு மட்டுமே. அதன் நிறையில் சுமார் 96 வீதம் கனிப்பொருள். உள்ளே இருக்கும் பன்முதலோ வேறு குணம் கொண்டது: கொலாஜன் நார், நீர், நரம்பை நோக்கிச் செல்லும் நுண்குழாய்கள். ஈரச் சுவரில் பசை ஒட்டுமா? 1982இல் ஜப்பானின் நகபயாஷியும் அவரது குழுவினரும் விடையைக் காட்டினார்கள். அமிலம் கனிப்பொருளை நீக்கியதும் நார்கள் வலைபோல் நிற்கின்றன. பிசின் அந்த வலைக்குள் ஊறி இறுகினால், பாதி பல், பாதி பிசின் என்ற கலப்புப் படை உருவாகிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான். அடைப்பின் ஆயுள் பெரும்பாலும் அந்த மெல்லிய படையில் தங்கியிருக்கிறது.

இதே காலத்தில் இன்னொரு வழியும் திறந்தது. லண்டனில் அரச இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வில்சனும் கென்ட்டும் கண்ணாடி அயனோமர் என்ற சீமெந்தை உருவாக்கி 1972இல் வெளியிட்டார்கள். அது பல்லின் கல்சியத்தோடு இரசாயனமாகவே பிணைகிறது, புளோரைட்டையும் வெளியிடுகிறது. வலிமை குறைவு, ஆனால் ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். 1980களின் நடுப்பகுதியில் தன்சானியாவில், மின்சாரமும் இயந்திரமும் இல்லாத இடங்களில், கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டி இந்தச் சீமெந்தால் அடைக்கும் முறை தொடங்கியது. வறிய மக்களின் பல்லும் காப்பாற்றத் தகுந்தது என்று காட்டிய முறை அது.

போராட்டம் இன்னும் முடியவில்லை. பிசின் முழுமையாக நனைக்காத நார்களை, பன்முதலுக்குள்ளேயே இருக்கும் நொதியங்கள் மெதுவாக அரிக்கின்றன. உமிழ்நீரும் பிசினைக் காலப்போக்கில் பலவீனப்படுத்துகிறது. அந்த நொதியங்களை அடக்கும் மருந்துகளையும், கல்சியத்தோடு இறுகப் பிணையும் புதிய மூலக்கூறுகளையும் ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, பசை மிக நன்றாகப் பிடிப்பது மிளிரியில். சூத்தை சிறிதாக, கறுப்புப் புள்ளியாக இருக்கும்போதே காட்டினால், சுற்றிலும் நல்ல மிளிரி மிஞ்சியிருக்கும், அடைப்பும் நீடிக்கும். வலி வரும்வரை காத்திருந்தால் ஒட்டுவதற்கே இடம் இராது. இரண்டு, பல் நிற அடைப்பு வைக்கும்போது வைத்தியர் பஞ்சு வைத்து "வாயை மூடாதே" என்று அதட்டுவது கோபத்தினால் அல்ல. அமிலம் பட்டுக் கழுவிய இடத்தில் ஒரு துளி எச்சில் பட்டாலும் அந்தப் பிடிப்பு கெட்டுவிடும். அந்தச் சில நிமிடங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது பெற்றோராகிய நம் வேலை.