கழிபொருளும் ஒளிப்படக்கலையும்

பயன் தீர்ந்த பொருள் அழகையும் இழந்துவிடுகின்றது என்பது பொதுவான எண்ணம். ஒளிப்படக்கலை இவ்வெண்ணத்தை மறுத்த வரலாற்றில் இரு முயற்சிகள் ஈண்டு நோக்கற்பாலன.

நவநாகரிக உடைகளைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற அமெரிக்கரான இர்விங் பென், 1972 இல் தெருவில் எறியப்பட்ட சிகரெட் துண்டுகளைப் படமெடுத்தார். விலையுயர்ந்த பிளாட்டினத்தைப் பயன்படுத்தும் முறையில் அவற்றைப் பெரிதாக அச்சிட்டார். 1975 இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பெற்றன. நசுங்கிய தாளும் சிதறிய புகையிலையும் சிதைந்த பழந்தூண்களெனத் தோன்றின. ஆயினும், அவற்றை எறிந்தவரோ தெருவைப் பெருக்கியவரோ அப்படங்களில் இடம்பெறவில்லை.

இந்தியக் கலைஞர் விவான் சுந்தரம் (1943–2023) இக்குறையை உணர்த்தும் வகையிற் செயற்பட்டார். டில்லியிற் குப்பை பொறுக்குவோரின் துணையுடன் கழிபொருள்களைத் திரட்டி, கலைக்கூடத் தரையில் ஒரு நகரையே அமைத்துப் படமெடுத்தார். 'குப்பை' எனப் பொருள்படும் 'ட்ராஷ்' என்ற தலைப்பில் 2008 இல் அவை காட்சிப்படுத்தப்பட்டன. குப்பைக் குவியலினின்று மேலெழும் இளைஞன் ஒருவனை அவரது ஒளிக்காட்சியொன்று சித்திரித்தது.

பென் கழிபொருளின் வடிவழகைக் காட்டினார். சுந்தரமோ அதனைப் பொறுக்கி வாழ்வோரையும் நினைவூட்டினார். குனிந்தெடுக்கும் கையை மறந்த அழகு முழுமை பெறாது என்பதே இவ்வரலாறு தரும் தெளிவாகும்.