சாமுவேலைக் கூப்பிட்ட குரலும் தோட்டத்துத் தப்பும்

கொழும்பு – கண்டி வீதியால் பயணம் செய்வோருக்கு வரக்காப்பொல என்றதும் தலகுலி எனும் எள்ளுருண்டையே நினைவுக்கு வரும். அயலிலுள்ள அம்பேபுஸ்ஸ இலங்கையின் புகையிரத வரலாற்றில் முதலிடம் பெற்ற ஊர். 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து புறப்பட்ட முதலாவது புகையிரதம் இங்குதான் வந்து நின்றது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்காகப் போடப்பட்ட பாதை அது. கோப்பி அழிந்து, தேயிலையும் இறப்பரும் வந்தபின்னர், கேகாலை மாவட்டத்தின் மலைச்சரிவுகளிலும் தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் எழுந்தன. இன்றும் இறப்பர் மரங்களுக்கிடையே, சிங்களக் கிராமங்கள் சூழ, அவை இருக்கின்றன.

இந்த லயங்களுக்குள் தமிழ் வேதாகமம் எவ்வாறு வந்தது என்ற வரலாறு போதிய அளவு எழுதப்படவில்லை. எழுதப்பட்டவற்றிலும் ஐரோப்பியப் பாதிரிமாரின் பெயர்களே நிறைந்துள்ளன.

1854ஆம் ஆண்டு, சர்ச் மிஷனெரி சங்கத்தின் கீழ், கண்டியை மையமாகக் கொண்டு ஓர் அமைப்புத் தோன்றியது. அதற்கு இட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. மனிதரின் ஆன்மாவைத் தேடி வந்தவர்கள்கூட அவர்களைக் கூலி என்றே பெயரிட்டழைத்தது அக்காலத்தின் மனப்போக்கு. பின்னாளில் அப்பெயர் கைவிடப்பட்டது. தோட்டங்களில் போதிப்பதற்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். அவர்களின் செலவுக்கான பணத்தின் கணிசமான பகுதியைத் தோட்டத்துரைமாரே கொடுத்தனர். இக்கட்டுரைக்கு முக்கியமான செய்தி இந்தக் கடைசி வாக்கியத்திலேயே இருக்கிறது.

திருநெல்வேலிக் கிறிஸ்தவக் கிராமங்களில் காலையும் மாலையும் மணியடித்து, ஊரைக் கூட்டி, வேதம் வாசித்து ஜெபிப்பது வழக்கம். வாசிப்பவர் உபதேசியார். கேட்பவரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். 'அனுதின வேத வாசிப்பு' என்றால் இன்று நாம் தனியறையில் ஒருவர் புத்தகத்துடன் இருப்பதாகவே எண்ணுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழனுக்கு அது ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் நிகழ்ச்சியாகவே இருந்தது. இராமாயணமும் கந்தபுராணமும் படிக்கக் கேட்டுப் பழகிய சமூகத்துக்கு இது புதிதல்ல.

அவ்வாறு கேட்ட கதைகளுள் ஒன்று சிறுவன் சாமுவேலின் கதை. ஆலயத்தில் ஏலி என்னும் முதிய ஆசாரியரிடம் பணிவிடை செய்யும் பையன் அவன். இரவில் ஒரு குரல் பெயர் சொல்லி அழைக்கிறது. எஜமானரே கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் அவர். மூன்று முறை இவ்வாறு நடந்தபிறகே, அழைத்தது தாமல்ல, வேறொருவர் என்பதை ஏலி உணர்ந்து பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இறையழைப்பைப் பற்றிய வேதாகமக் கதைகள் பல. மோசே திக்குவாயைக் காரணங்காட்டித் தப்பப் பார்த்தார். எரேமியா தான் சிறுபிள்ளை என்றார். ஆயினும் தோட்டத்துக்கு மிக நெருக்கமானது சாமுவேலின் கதையே என்பது எனது எண்ணம். விடியுமுன் தப்பு அடித்தால் எழுந்து பிரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும் என்ற வாழ்க்கையில், எஜமானின் குரலைத் தவிர வேறொரு குரலும் உண்டு என்பது சாதாரணச் செய்தியன்று.

ஆனால் அதைச் சொன்ன உபதேசியாருக்குச் சம்பளம் கொடுத்தவரும் அந்த எஜமானே. வேதம் அறிந்த தொழிலாளி ஒழுங்காக வேலை செய்வான், குடிக்கமாட்டான் என்ற கணக்குத் துரைமாரில் பலருக்கு இருந்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை. கங்காணியிடம் பெற்ற முற்பணமும், கடன் தீராமல் வேறு தோட்டம் போகமுடியாதபடி கட்டிவைத்த துண்டுமுறையும் 1921 வரை சட்டபூர்வமாக நீடித்தன. எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் கதையை அந்தக் களத்தில் எந்தக் குரலில் வாசித்திருப்பார்கள்? உபதேசிமாரைக் குறைகூறுவது எனது நோக்கமன்று. தாய், தந்தை, ஊர் யாவற்றையும் விட்டு, கொலராவும் காய்ச்சலும் நிறைந்த மலைகளில் தோட்டந்தோட்டமாக நடந்தவர்கள் அவர்கள். ஆபிரகாம் ஊரைவிட்டுப் புறப்பட்டதைத் தமது கதையாகவே அவர்கள் கொண்டிருந்தால் அதில் வியப்பில்லை. ஒரே கடலைக் கடந்த தொழிலாளிக்கோ அப்பயணம் அழைப்பன்று, பஞ்சம்.

வாசிப்பவனை வேதம் எங்கே கொண்டுசெல்லும் என்பதை அச்சிட்டவர்களும் நிர்ணயிக்க முடியாது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சான்றுண்டு. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புக்கு ஆண்டுக்கணக்கில் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். நாள்தோறும் வேதாகமத்துடனேயே இருந்த அவர், 1848இல் மிஷன் பாடசாலைப் பணியைத் துறந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியபோது அவர் சைவத்தின் முழுநேர ஊழியராகிவிட்டார். அதுவும் ஓர் அழைப்பே என்று சொன்னால் இருதரப்பிலும் சிலர் கோபிக்கக்கூடும்!

சம்பளம் கொடுப்பவரின் குரலிலிருந்து அழைப்பைப் பிரித்தெடுத்த நிகழ்ச்சியும் யாழ்ப்பாணத்துடன் தொடர்புடையதே. 1902இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா அங்கு வந்தார். திருநெல்வேலி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமப் போதகருக்குப் பிறந்தவர், வை.எம்.சி.ஏ. செயலாளர். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாமே பணம் சேர்த்து, கடலுக்கு அப்பால் தொண்டிப் பகுதிக்கு ஓர் ஊழியரை அனுப்பியிருந்ததை அவர் இங்கு அறிந்தார். தமது நாட்டுக்கு ஈழத்தவர் ஆளனுப்ப, எண்ணிக்கையில் பெரிய திருநெல்வேலித் திருச்சபை தன் செலவில் வெளிநாட்டுக்கு ஒருவரையும் அனுப்பவில்லையே என்ற வெட்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, 1903 பெப்ரவரியில், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. ஆளும் நம்மவர், பணமும் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்பதே அதன் அடிப்படை.

நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் அதன் பணிக்களமாயிற்று. 1909இல் அசரியாவே அங்கு சென்றார். 1912 டிசம்பர் 29ஆம் திகதி கல்கத்தாவில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதலாவது இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1945 ஜனவரி முதலாம் திகதி காலமாகும்வரை தோர்ணக்கலிலேயே பணியாற்றினார். அங்கு அவரைத் தேடிவந்தோரில் பெரும்பாலோர் நிலமற்ற மாலா, மாதிகா கூலித் தொழிலாளர். லயங்களில் இருந்தோரைப் போலவே அவர்களும் எழுத்தறியாதவர்கள். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரையும் தம் தலைமீது கைவைத்து, நற்செய்தியைச் சொல்லாவிடில் எனக்குக் கேடு என்று பவுலின் சொற்களில் உறுதிகூற வைத்தார் அசரியா. கேட்டவரே சொல்பவருமாக வேண்டும் என்பதே இதன் பொருள். சம்பளம் வாங்கும் உபதேசியாருக்கு மட்டும் உரியதாயிருந்த அழைப்பு, இங்கே அன்றாடக் கூலிக்காரரின் தலைமீது வந்து அமர்ந்தது.

இலங்கைத் தோட்டங்களுக்கு அத்தகைய காலம் வருமுன்னரே வேறொன்று வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என ஒதுக்கியது. மீண்டும் ஊரைவிட்டுப் புறப்படும்படி ஓர் உத்தரவு. இம்முறை கொழும்பிலிருந்தும் டில்லியிலிருந்தும். பாபிலோனில் சிறையிருந்தோருக்கு, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்று எரேமியா எழுதியனுப்பிய கடிதம் லயத்துச் சிற்றாலயங்களில் எப்படிக் கேட்டிருக்கும்! தோட்டத்தை நாட்டியவர்களும் அவர்களே, குடியிருக்க உரிமையற்றவர்களும் அவர்களே.

தோட்டத்துத் திருச்சபைகளின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் ஆய்வாளர் கண்ணில் பட்டாக வேண்டியவை. உபதேசிமாரின் பெயர்கள் எஞ்சியிருந்தால் அங்கேதான் இருக்கும். பழைய வேதாகமங்களின் முகப்புத் தாளில் பிறப்பு, இறப்பு, திருமணம் குறித்துவைக்கும் வழக்கமும் நம் குடும்பங்களில் உண்டு. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து கோவைக்கும் நீலகிரிக்கும், அதற்கப்பாலும் சென்ற வாசகர்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்க்கவும். அத்தாளில் ஓர் உபதேசியாரின் பெயரோ, தோட்டத்தின் பெயரோ, ஆண்டோ இருந்தால், தாள் உதிர்வதற்குள் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.