பனி உடைத்த பாதைகள்

வீட்டுச் சுவர் வெடித்தால் மனையடி சாத்திரம் பார்க்க ஓடுவோர் நம்மவருள் இன்றும் உளர். வெடிப்புக்குக் காரணம் சுவரினுள்ளேயே இருக்கும் என்பதை அவர் எண்ணுவதில்லை. காரணம் தேடியவர் கண்ட பயனுக்குக் குளிர்நாட்டுச் சாலைகளின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

நீர் உறைந்து பனிக்கட்டியாகுங்கால் அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு பெருகுகின்றது. கான்கிரீட்டோ பார்வைக்குப் பாறை. உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. அத்துளைகளிற் புகுந்த நீர் குளிர்காலத்தில் பன்முறை உறைந்தும் உருகியும் வருவதால், மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்ந்து விழும். 1824-இல் ஆங்கில நாட்டுக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்று நூறாண்டு கடந்தும் இத்தொல்லை தீரவில்லை.

1930-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலே ஒரு புதுமை காணப்பட்டது. சில சாலைப் பகுதிகள் பனியால் உரிந்து போயின. வேறு சில பழுதின்றி நின்றன. விதியென்று விட்டிருப்பின் கதை அத்துடன் முடிந்திருக்கும். பொறியாளர் ஆராய்ந்தனர். பழுதுறாத பகுதிகளின் சிமெண்டில், அரைப்பதற்கு எளிதாகும் பொருட்டு மாட்டுக் கொழுப்புச் சேர்க்கப்பட்டிருந்தது! அக்கொழுப்பு கலவையினுள் எண்ணற்ற நுண்ணிய காற்றுக் குமிழிகளை நிறுத்தியிருந்தது. உறையும் நீர் நெருக்கித் தள்ளிய நீருக்கு அக்குமிழிகள் ஒதுங்க இடந்தந்தன. 1945-இல் டி. சி. பவர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இதனை நீரின் அழுத்தங்கொண்டு விளக்கினார். தற்செயலாய் நேர்ந்தது அறிவாயிற்று. குமிழியுண்டாக்கும் பொருளை அளந்து சேர்ப்பது குளிர்நாடுகளில் வழக்கமாயிற்று.

பின்னர் நார் வந்தது. மண்சுவருக்கு வைக்கோல் சேர்த்துப் பிசைந்த நம் முன்னோர் இதன் பயனை அறிந்தவரே. 1963-இல் ரோமுவால்டி, பாட்சன் என்னும் இருவர், கான்கிரீட்டில் நெருங்கப் பதித்த எஃகுக் கம்பியிழைகள் வெடிப்புப் பரவாமல் தடுப்பதைக் காட்டினர். பின்பு கண்ணாடி நாரும் செயற்கை நாரும் வழக்கிற்கு வந்தன. ஆயினும் நார் ஒன்றே பனியை வெல்லாது. வெடித்த துண்டுகள் சிதறாமல் அது பிடித்து நிறுத்தும். உறையும் நீருக்கு இடங்கொடுப்பது காற்றுக் குமிழியே. ஆதலின் பனிநாட்டில் நார் சேர்த்த கான்கிரீட்டுக்கும் அக்குமிழிகள் வேண்டும்.

கெட்டியானதே நிலைக்கும் என்பது எவர்க்கும் எளிதில் தோன்றும் எண்ணம். அதனைத் திருத்தியது சாத்திரமன்று, சாலையை ஆராய்ந்த அறிவே. நம் வீட்டுச் சுவர் வெடிக்கும்போதும் நாம் நாட வேண்டியது அவ்வறிவையே; சோதிடரையன்று.