முடிவெட்டும் மிஷின்: தன் தலைக்குத் தானே வெட்டிக்கொள்பவர் தேர்வு

முடிவெட்டும் மிஷின் என்பது, ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்த இரண்டு பல்தகடுகளில் ஒன்றை மட்டும் பக்கவாட்டில் வேகமாக அசைத்து, பற்களுக்கிடையே புகும் முடியைக் கத்தரிக்கும் கைக்கருவி. அட்டைப்பெட்டியில் 'ஹேர் கிளிப்பர்' என்று அச்சிட்டிருந்தாலும் தமிழ்நாட்டுச் சலூன்களில் அதற்குப் பெயர் மிஷின்தான். "சைடுல மிஷின் போடுங்க" என்றால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிச் சலூன்கள் மூடப்பட்டபோது, அதுவரை இக்கருவியைக் கையால் தொட்டிராத பலர் கண்ணாடிமுன் நின்று தங்கள் தலையைத் தாங்களே வெட்டிப் பழகினார்கள். சலூன் திறந்த பிறகும் சிலர் அப்பழக்கத்தை விடவில்லை.

சலூன்காரர் வாங்கும் மிஷினுக்கும் தனக்குத்தானே வெட்டிக்கொள்பவர் வாங்க வேண்டிய மிஷினுக்கும் வேறுபாடு உண்டு. சலூன்காரர் எதிரே இருக்கும் தலையைப் பார்த்து வெட்டுகிறார். அவருடைய கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்கின்றன. தன் பிடரியைத் தானே வெட்டுபவருக்குக் கண் உதவாது. இரண்டாவது கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கையைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோவது எளிதல்ல. ஆகவே அவருக்கான தேர்வில் மோட்டாரின் வேகமும் பிளேடின் பளபளப்பும் பின்னால் வரவேண்டியவை. அளவு தவறாத சீப்பு, கையில் அடங்கும் எடை, எளிதில் கழற்றிச் சுத்தம் செய்யும் அமைப்பு ஆகிய மூன்றும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

வரலாறு

மின்சாரம் வருமுன்பே மிஷின் வந்துவிட்டது. இரண்டு கைப்பிடிகளை அழுத்தி விடுவிக்க, மேல்தகடு இடவலமாக நகரும் கை மிஷின் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. மரத்தடியிலும் திண்ணையிலும் கிராப்பு வெட்டிக்கொண்ட தலைமுறைக்கு அதன் சத்தமும், மழுங்கிய மிஷின் பிடரி முடியைப் பிடித்து இழுத்த வலியும் நினைவிருக்கும். இதே பல்தகடு முறை ஆட்டு ரோமம் கத்தரிக்கவும் பயன்பட்டது. 1888இல் ஆஸ்திரேலியாவின் டன்லப் பண்ணையில் பிரடெரிக் வுல்சிலி உருவாக்கிய இயந்திரங்களைக் கொண்டு ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தார்கள்.

கைக்குள் அடங்கும் மின் மிஷின் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சிறிய ஊரில் பிறந்தது. லியோ வால் என்ற இளைஞர் மின்காந்தத்தால் அதிரும் மசாஜ் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அதே மின்காந்தத்தை முடிவெட்டும் தகட்டோடு இணைத்து 1919 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றும் உலகெங்கும் விற்கும் வால் நிறுவனம் அந்த வழியில் வந்தது. 1920களிலேயே விஸ்கான்சின் மாநிலத்து ராசீன் நகரில் மாத்யூ ஆண்டிஸ், ஜான் ஆஸ்டர் ஆகியோரும் தொழில் தொடங்கினார்கள். சலூன் கண்ணாடி மேசைகளில் நாம் காணும் பெயர்களில் பல இந்த இரண்டு ஊர்களிலிருந்து கிளம்பியவை.

டிரிம்மர் வேறு, மிஷின் வேறு

இந்தியக் கடைகளில் அதிகம் விற்பது தாடி ஒதுக்கும் டிரிம்மர். ஏற்கெனவே ஒன்று வீட்டில் இருக்கிறதே, அதையே தலைக்கும் போட்டால் என்ன என்று தோன்றும். டிரிம்மரின் பிளேடு குறுகலானது, பற்கள் நெருக்கமானவை, மோட்டார் சிறியது. மீசை ஓரமும் கிருதா விளிம்பும் சீராக்க அது நன்று. தலைமுடி அடர்த்தியில் இறக்கினால் முடி பற்களுக்குள் திணறி நிற்கும்; ஒரே இடத்தில் நான்கு முறை ஓட்ட வேண்டிவரும்; அந்த நான்கு முறையில் ஒன்று பள்ளமாகும். தலைக்கான மிஷினின் பிளேடு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமாக இருக்கும். பெட்டியின்மேல் இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டிருந்தால் பெயரை நம்பாமல் பிளேடின் அகலத்தைப் பாருங்கள்.

சீப்பு எண்கள்

பிளேடின்மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறையைச் சிலர் கார்டு என்பார்கள், சிலர் சீப்பு என்பார்கள். தோலுக்கும் பிளேடுக்கும் இடையே அது விடும் தூரமே முடியின் மிச்ச நீளம். பார்க்க முடியாத இடத்தில் கண் செய்ய வேண்டிய வேலையைச் சீப்புதான் செய்கிறது.

சலூன்களில் 'ஒண்ணு', 'ரெண்டு' என்று சொல்லும் எண்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வோர் எண்ணும் ஓர் அரைக்கால் அங்குலம். எண் 1 அரைக்கால் அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர். எண் 2 கால் அங்குலம், 6 மில்லிமீட்டர். எண் 3 என்பது 10, எண் 4 அரை அங்குலம் என்பதால் 13, அதற்கு மேல் 16, 19, 22 என்று ஏறி, எண் 8இல் முழு அங்குலமாகிய 25 மில்லிமீட்டரை எட்டும். ஜீரோ என்றால் சீப்பே இல்லாத வெறும் பிளேடு. பழைய அரைக்கால், கால் வாய்ப்பாட்டை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்களை நினைவில் கொள்வது மிக எளிது. எல்லா நிறுவனங்களும் இக்கணக்கைப் பின்பற்றுவதில்லை. சில மிஷின்களில் எண்ணே இருக்காது, மில்லிமீட்டர் மட்டும் பொறித்திருக்கும். மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குவதே நம்பகமானது.

சீப்பு இரண்டு விதம். ஒன்று, அளவுக்கு ஒன்றாகத் தனித்தனியாக மாட்டுவது. மற்றது, ஒரே சீப்பு மேலும் கீழும் நகர்ந்து பல அளவுகளில் நிற்பது. நகரும் சீப்பு வசதியானது; பல சீப்புகளில் ஒன்று தொலைந்துபோகும் தொல்லை இல்லை. ஆனால் பின்தலையில் அழுத்தி ஓட்டும்போது பூட்டு நழுவி ஒரு படி கீழே இறங்கிவிட்டால் அந்த ஒரே இழுப்பில் தலையில் பட்டை விழுந்துவிடும். மலிவான மிஷின்களில் இது நடக்கும். தனித்தனிச் சீப்பு, அதிலும் உலோகக் கொக்கியால் பிளேடைக் கவ்விப் பிடிக்கும் வகை, பழகாத கைக்குப் பாதுகாப்பு. கடையில் வாங்கும்போது சீப்பை மாட்டி விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆடினால் அந்த மிஷின் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல மலிவு மிஷின்களில் 3, 6, 9, 12 மில்லிமீட்டர்ச் சீப்புகள் மட்டுமே வரும். பக்கங்களை ஒட்ட வெட்ட அவை போதும்; உச்சியில் ஓர் அங்குல முடி வேண்டும் என்பவருக்குப் போதாது. 25 மில்லிமீட்டர் வரை சீப்பு இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொண்டால் பிறகு தவிக்க வேண்டாம். காதோரம் சரிவாக வெட்ட இடது, வலது என்று தனிச் சீப்புகள் சிலவற்றோடு வரும். அவை சிறு பொருள்தான், தனியாக வெட்டிக்கொள்பவருக்குப் பெரிய உதவி.

சில மிஷின்களின் பக்கத்தில் கட்டைவிரலால் நகர்த்தும் லிவர் ஒன்று இருக்கும். அது அசையும் தகட்டை முன்னும் பின்னும் தள்ளி, சீப்பில்லாத நிலையில் ஏறத்தாழ 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை அளவை மாற்றும். பக்கத்தில் குட்டையாகத் தொடங்கி மேலே போகப் போக நீளும் ஃபேடு வெட்டுக்கு இந்த லிவர் அவசியம். ஒரே அளவில் சம்மர் கட் போட்டுக்கொள்பவருக்கு அது தேவையே இல்லை.

மோட்டார்

மோட்டார் மூன்று வகை. லியோ வாலின் வழியில் வந்த காந்த வகை மாறுமின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் இருமுறை ஈர்க்கப்பட்டு அசைகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே நிமிடத்துக்கு 6000 வெட்டு. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், எனவே 7200. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவரும் வயர் மிஷினை இங்கே 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டினாலும் அதிர்வெண் மாறாது. மிஷின் கடகடவென்று அடிக்கும், வெட்டும் வேகம் குறையும். பேட்டரி மிஷின்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. அவற்றின் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் போதும்.

பிவட் மோட்டார் மெதுவாக அசைந்தாலும் விசை மிக்கது, அடர்ந்த முடிக்கு ஏற்றது. மூன்றாவதான சுழல் மோட்டார்தான் இன்று விற்கும் பேட்டரி மிஷின்களில் பெரும்பாலும் இருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட சுழற்சி எண்ணிக்கை, முடியே இல்லாத காற்றில் ஓடும்போது அளந்த வேகம். முடிக்குள் இறங்கியதும் வேகம் தளராத மோட்டார்தான் நல்லது. அதைப் பெட்டி சொல்லாது, வெட்டிப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

பிளேடு

கார்பன் எஃகு கூர்மை நிற்கும், துருவும் ஏறும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் எண்ணெய் விடாமல் வைத்தால் சில மாதங்களில் செம்புள்ளி தெரியும். துருப்பிடிக்காத எஃகு வீட்டுக்குப் போதுமானது. செராமிக் தகடு குறைவாகச் சூடேறும், கீழே விழுந்தால் பல் உடையும். டைட்டானியம் என்று விற்பது பெரும்பாலும் மேற்பூச்சுதான். அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது தேவையற்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தகடுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்தும்போது, அசையாத தகட்டின் பற்கள் அசையும் தகட்டின் பற்களைவிடச் சிறிது முன்னால் நிற்க வேண்டும். இடம் மாறி மாட்டினால் முடிக்குப் பதில் தோல் வெட்டுப்படும்.

பேட்டரியும் வயரும்

வயர் மிஷின் வலுவானது, பல ஆண்டு உழைக்கும். ஆனால் கையைத் தலைக்குப் பின்னால் வளைத்து வெட்டும்போது வயர் தோளில் சுற்றிக்கொள்ளும். பாதி வெட்டில் கரண்ட் போனால் காத்திருக்க வேண்டியதுதான். பழைய நிக்கல் பேட்டரி வகைகளை இரவு முழுதும் சார்ஜ் போட வேண்டியிருந்தது. தீரத் தீர வேகமும் குறையும். வேகம் குறைந்த பிளேடு முடியை வெட்டாமல் பிடுங்கும். லித்தியம் பேட்டரி கடைசிவரை ஏறக்குறைய ஒரே விசையில் ஓடும். தன் தலையைத் தானே வெட்டப் பழகாதவருக்கு 40 நிமிடம்வரை ஆகலாம் என்பதால் ஒரு மணி நேரம் ஓடும் பேட்டரி போதும். சார்ஜ் தீர்ந்தாலும் வயரோடு இணைத்து ஓட்ட முடியுமா என்று கேட்டு வாங்குவது நல்லது.

எடையை அட்டையில் படித்தால் போதாது, கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சலூன் தரத்து வயர் மிஷின்கள் சில அரைக் கிலோவை எட்டும். அதைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தால் சிறிது நேரத்தில் மணிக்கட்டு தளரும். இதற்காகவே உள்ளங்கையில் அடங்கும் வட்ட வடிவ மிஷின்களை ரெமிங்டன் வெளியிட்டது; தலை சுழலும் மிஷினை பிலிப்ஸ் செய்தது. கை போகும் திசையில் பிளேடும் போவதால் பிடரிக்கு அவை வசதியானவை. ஓரம் திருத்த அவ்வளவு வசதியில்லை. அமெரிக்காவில் 1980களில் வந்த ஃப்ளோபீ, வேக்குவம் கிளீனர் குழாயில் மாட்டி முடியை உறிஞ்சி இழுத்து வெட்டும் கருவி. நடிகர் ஜார்ஜ் குளூனி பல ஆண்டுகளாகத் தன் முடியை அதில்தான் வெட்டுவதாக 2020இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் சொன்னார்.

பயன்பாடும் பராமரிப்பும்

எண்ணெய் தேய்த்த தலையில் மிஷின் போடக் கூடாது. எண்ணெயும் வெட்டுத்துகளும் சேர்ந்து பற்களை அடைத்துவிடும். தலை அலசி, நன்றாக உலர்த்திய பின்பே வெட்ட வேண்டும். முடி வளரும் திசைக்கு எதிராக ஓட்டினால்தான் சீப்பு சொல்லும் நீளம் கிடைக்கும். வளரும் திசையிலேயே ஓட்டினால் சற்று நீளமாக நிற்கும். சுழி இருக்கும் இடத்தில் முடி எல்லாத் திசையிலும் திரும்புவதால் அங்கே நான்கு பக்கமிருந்தும் ஓட்ட வேண்டும். இரட்டைச் சுழிக்காரர்கள் ஓர் எண் கூடுதலான சீப்பை அவ்விடத்தில் பயன்படுத்துவது நன்று.

ஒவ்வொரு முறையும் வெட்டிய பின் தூரிகையால் துகள் நீக்கி, பிளேடின்மேல் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, சில விநாடி ஓடவிட்டுத் துடைக்க வேண்டும். மிஷினோடு வரும் எண்ணெய் தீர்ந்துவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் உதவும். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், துகளைப் பிடித்துக்கொண்டு தகட்டை இறுக்கும்.

ஒரே மிஷினை வீட்டில் எல்லாரும் பயன்படுத்தினால் ஆளுக்கு ஆள் சுத்தம் செய்வது கட்டாயம். தலையில் வரும் படர்தாமரை சீப்பு, பிளேடு வழியாகப் பரவும். சிறு கீறலில் ஒட்டும் ரத்தமும் அபாயமே. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தொற்றும் ஆற்றலோடு இருக்கும். முடித்துகளை நீக்கிவிட்டு 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து உலரவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் ஜீரோ வெட்டைத் தவிர்ப்பது நல்லது. சவரக்கத்தியோடு ஒப்பிட்டால் மிஷின் தோலுக்குப் பாதுகாப்பானதுதான். அறுவைச் சிகிச்சைக்கு முன் முடி நீக்கியே ஆக வேண்டுமென்றால் மழிக்காமல் மிஷினால் மட்டுமே நீக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது.

முதன்முதலாக வாங்குபவருக்கு இக்கட்டுரையின் தேர்வு இது: லித்தியம் பேட்டரி, வயரோடும் ஓடும் வசதி, துருப்பிடிக்காத எஃகு பிளேடு, 3 முதல் 25 மில்லிமீட்டர் வரை தனித்தனியாக மாட்டும் ஆடாத சீப்புகள். முதல் வெட்டை 4ஆம் எண்ணுக்குக் கீழே தொடங்க வேண்டாம், பிடரியை வீட்டிலுள்ள ஒருவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.