உடல் கொழுப்பை இடம் மாற்றும் அழகு சிகிச்சை: தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்துகள்

வயிற்றிலும் தொடையிலும் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதையே கன்னம், மார்பு, பின்புறம் ஆகிய இடங்களில் சேர்க்கும் அழகு சிகிச்சைக்கு இப்போது சமூக ஊடகங்களில் விளம்பரம் அதிகம். தங்கா பத்து, மஸ்ஜித் தானா வட்டாரத்துத் தோட்டங்களில் இருப்பவர்களின் கைப்பேசிக்கும் அந்த விளம்பரங்கள் வருகின்றன. "உங்கள் சொந்தக் கொழுப்புதான், ஒவ்வாமை வராது, பயப்பட வேண்டாம்" என்பதே பெரும்பாலும் அவற்றின் பேச்சு.

ஒவ்வாமை வராது என்பது உண்மை. ஆனால் இந்தச் சிகிச்சையில் உயிர் போவது ஒவ்வாமையால் அல்ல. கொழுப்பை யார் செலுத்துகிறார், உடலின் எந்த அடுக்கில் செலுத்துகிறார், எந்த இடத்தில் வைத்துச் செய்கிறார் என்ற மூன்றும்தான் பாதுகாப்பை முடிவு செய்கின்றன.

2020 அக்டோபரில் கைக் கொழுப்பைக் குறைத்துக்கொள்ளக் கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்திற்குச் சென்ற 23 வயதுப் பெண் உயிரிழந்தார். எடுக்க நினைத்தது கையிலிருந்த சிறிதளவு கொழுப்பு மட்டுமே. ஆகவே, சிறிய சிகிச்சை என்பதால் அழகு நிலையமே போதும் என்ற எண்ணம் தவறு.

சிகிச்சை எப்படி நடக்கிறது?

ஜெர்மானிய மருத்துவர் குஸ்டாவ் நியூபர் 1893-இல் ஒரு நோயாளியின் கையிலிருந்து எடுத்த கொழுப்பைக் கண்ணருகே இருந்த தழும்புக் குழியில் வைத்தார். மெல்லிய குழாய் வழியாகக் கொழுப்பை உறிஞ்சும் முறை 1970-களில் இத்தாலியிலும் பிரான்சிலும் வளர்ந்தது.

இன்று இது மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் உப்பு நீருடன் லிடோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தும், ரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்து தோலுக்கடியில் செலுத்தப்படுகின்றன. பிறகு கொழுப்பு உறிஞ்சி எடுக்கப்பட்டு, வடிகட்டியோ சுழற்றியோ சுத்தம் செய்யப்படுகிறது. கடைசியாகத் தேவையான இடத்தில் சிறு சிறு துளிகளாகச் செலுத்தப்படுகிறது.

வைத்த கொழுப்பு முழுவதும் தங்காது. புது ரத்த நாளங்கள் எட்டும் பகுதி மட்டுமே பிழைக்கும்; மீதியை உடலே கரைத்துவிடும். இறுதி வடிவம் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகலாம். சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படும். ஒரே நாளில் நிரந்தர மாற்றம் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை.

இந்த முறையால் நன்மையும் உண்டு. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகும், தீக்காயத் தழும்புகளிலும், விபத்தில் முகம் சிதைந்தவர்களுக்கும் மருத்துவமனைகளில் இது பயன்படுகிறது. மார்பில் கொழுப்பு வைத்தவர்களுக்குக் கட்டியோ சுண்ணாம்புப் படிவோ உண்டாகலாம். அதனால், பின்னாளில் மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போது இந்தச் சிகிச்சை செய்துகொண்டதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மிகப் பெரிய ஆபத்து

பின்புறத் தசைக்குள்ளும் அதற்கு அடியிலும் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அங்கே குழாய் ஆழமாக இறங்கினால் கொழுப்பு கிழிந்த சிரைக்குள் புகுந்து, இதயத்திற்கும் நுரையீரலுக்கும் போய் அடைத்துவிடும். சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம்.

பின்புறத்தைப் பெரிதாக்கும் இந்த அறுவையில் சுமார் 3,000 பேருக்கு ஒருவர் இறக்கக்கூடும் என்று 2017-இல் வெளிவந்த அனைத்துலக மருத்துவர் குழுவின் ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவர்களின் உடற்கூறு ஆய்வுகளில் தசைக்குள்ளேயே கொழுப்பு காணப்பட்டது. அதன் பிறகு, தோலுக்கடியில் மட்டுமே கொழுப்பைச் செலுத்த வேண்டும், தசைக்குள் செலுத்தவே கூடாது என்று பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கங்கள் 2018-இல் எச்சரித்தன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2019-இல் இதையே விதியாக்கியது.

முகத்திலும் கவனம் தேவை. நெற்றி, புருவங்களுக்கு நடுப்பகுதி, மூக்கு ஆகிய இடங்களில் கொழுப்பு தமனிக்குள் புகுந்தால் பார்வை பறிபோகலாம், பக்கவாதமும் வரலாம். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

கொழுப்பை எடுக்கும்போது

லிடோகெயின் அளவு மீறினால் நாக்கு மரத்துப்போகும், காதில் இரைச்சல் கேட்கும், வலிப்பு வரும், இதயமும் நிற்கலாம். குழாய் தவறினால் குடல் துளைபடும். நீண்ட நேர அறுவைக்குப் பிறகு அசையாமல் படுத்திருந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும். ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பதை மருத்துவர்கள் பெரிய அளவு என்று கணக்கிடுகின்றனர். அப்படிச் செய்தால் மருத்துவமனையில் தங்கிக் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

'பம்பரக்கண்ணாலே' படத்தில் நடித்த ஆர்த்தி அகர்வால், 2015 ஜூன் 6-ஆம் தேதி அமெரிக்காவில் 31 வயதில் காலமானார். சில வாரங்களுக்கு முன் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்டு, மூச்சுத் திணறலால் அவதிப்பட்டதாகச் செய்திகள் வந்தன. 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் பிறகு 21 வயது கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் உயிரிழந்தார்.

மலிவு விலை என்று வெளிநாடு போவதிலும் ஆபத்துண்டு. டொமினிக்கன் குடியரசில் அழகு அறுவை செய்துகொண்ட அமெரிக்கர்களில் 93 பேர் 2009 முதல் 2022 வரை இறந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. விரிவாக ஆராயப்பட்ட மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கொழுப்போ ரத்தக் கட்டியோ அடைத்ததே காரணம். அறுவை முடிந்த சில நாளிலேயே விமானத்திலோ பேருந்திலோ மணிக்கணக்கில் உட்கார்ந்து வருவதும் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

மலேசியாவில் ஏறக்குறைய ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2023 தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அது அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் புண் ஆற நாளாகும். கிருமித் தொற்றும் எளிதில் பிடிக்கும். ரத்த அழுத்தம், இதய நோய், புகைப் பழக்கம், ரத்தத்தை இளக்கும் மருந்து ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும்.

கொழுப்பை உறிஞ்சினால் நீரிழிவு குறையும் என்பதும் தவறு. 2004-இல் உடல் பருமனான 15 பெண்களிடம் நடந்த ஆய்வில், நிறைய கொழுப்பு எடுத்த பிறகும் இன்சுலின் செயல்பாடு மேம்படவில்லை. உணவுக் கட்டுப்பாட்டுக்கும் நடைப்பயிற்சிக்கும் இது ஈடாகாது.

சட்டமும் சரிபார்ப்பும்

1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி கிளினிக்கைப் பதிவு செய்யாமல் நடத்துவது குற்றம். தனி நபருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அழகு நிலைய உரிமத்தைக் காட்டி இந்தச் சிகிச்சை செய்ய முடியாது.

ஒப்புக்கொள்வதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை:

• மருத்துவரின் பெயர் மலேசிய மருத்துவ மன்றப் பதிவில் உள்ளதா? இவ்வாண்டுக்கான தொழில் சான்றிதழ் உண்டா?

• தேசிய நிபுணர் பதிவேட்டில் அவர் பிளாஸ்டிக் அறுவை நிபுணராக இருக்கிறாரா? இரண்டு பதிவுகளையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

• சுகாதார அமைச்சின் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டப்பட்டுள்ளதா?

• மயக்க மருந்து யார் கொடுப்பார்? இதயம் நின்றால் காப்பாற்றக் கருவியும் ஆளும் இருக்கிறார்களா?

• பின்புறத்தில் என்றால், தோலுக்கடியில் மட்டும்தான் செலுத்துவாரா?

இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் வராவிட்டால் முன்பணம் கட்ட வேண்டாம். "இன்றைக்கு மட்டும் சலுகை" என்று அவசரப்படுத்தினாலும் அப்படியே. வீட்டுக்கோ ஹோட்டல் அறைக்கோ வந்து செய்வதாகச் சொன்னால் உடனே மறுத்துவிட வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு

சிகிச்சைக்குப் பிறகு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், குழப்பமான பேச்சு, திடீர்ப் பார்வைக் குறைவு, ஒரு கால் மட்டும் வீங்குதல், கடுமையான வயிற்று வலி, காய்ச்சலுடன் சீழ் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்கக் கூடாது. 999-ஐ அழைக்க வேண்டும், அல்லது மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் மருத்துவமனைகளில் அருகிலுள்ளதன் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் சிகிச்சை தாமதமாகும். என்ன செய்துகொண்டார் என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

பதிவில்லாத இடத்தில் இத்தகைய சிகிச்சை நடப்பது தெரிந்தால், மலாக்கா மாநில சுகாதார இலாகாவின் தனியார் மருத்துவத் தொழில் கட்டுப்பாட்டுப் பிரிவில் புகார் செய்யலாம். ரசீது, விளம்பரப் படம், அனுப்பிய குறுஞ்செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தால் விசாரணைக்கு உதவும்.