நண்பகல் பசாசு

துறவி ஒருவர் புத்தகம் வாசிக்க உட்காருகிறார். கொட்டாவி வருகிறது. கண்ணைக் கசக்கிக்கொள்கிறார், சுவரைப் பார்க்கிறார், மறுபடி கொஞ்சம் வாசிக்கிறார். இன்னும் எத்தனை பக்கம் பாக்கி என்று எண்ணுகிறார். எழுத்தே சரியில்லை என்று குறை சொல்கிறார். கடைசியில் புத்தகத்தை மூடி, தலைக்கு வைத்துத் தூங்கிவிடுகிறார்.

நம்ம கதை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இந்தச் சித்திரத்துக்கு வயது 1,600 ஆண்டுகளுக்கு மேல். எழுதியவர் எவாக்ரியுஸ்.

இவர் பிறவித் துறவி அல்ல. இன்றைய துருக்கியில் இருக்கும் பொந்து பகுதியில் பிறந்தவர். நசியான்சு கிரகோரியாரின் கையால் திருத்தொண்டர் ஆனவர். கான்ஸ்டான்டினோபிளில் வாதத் திறமைக்குப் பெயர்பெற்றிருந்த நேரத்தில், பெரிய இடத்துப் பெண் ஒருவர்மீது காதல் வந்தது. அவர் திருமணமானவர். எவாக்ரியுஸின் மாணவர் பல்லாதியுஸ் சொல்கிறபடி, ஒரு கனவில், 'இந்த ஊரைவிட்டுப் போய்விடுகிறேன்' என்று நற்செய்திமேல் சத்தியம் செய்கிறார். விழித்தபின், கனவுதானே என்று விட்டுவிடவில்லை. கப்பல் ஏறிவிட்டார்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. எருசலேம் போனதும் பழைய ஆடம்பரம் திரும்பியது. காய்ச்சலில் ஆறு மாதம் படுத்தார். மெலானியா என்ற துறவுப் பெண்மணிதான் உண்மையை வரவழைத்து, அவரைத் துறவுக்குத் திருப்பினார். சுமார் 383-இல் எகிப்து சென்றார். முதலில் நித்ரியா, பிறகு கெல்லியா. ஓலைச்சுவடி காலத்து நம் ஊர்ப் படியெடுப்போர் மாதிரி, நூல்களைக் கையால் படியெடுத்துப் பிழைத்தார். 399-இல் அங்கேயே இறந்தார்.

நம்மூரில் வனத்து அந்தோணியார் என்று சொல்லப்படும் புனிதரை மிருகங்களாகவும் உருவங்களாகவும் வந்த பசாசுகள் தாக்கியதாகக் கதை உண்டு. எவாக்ரியுஸ் எழுதும் பசாசுகள் பெரும்பாலும் எண்ணங்களாகவே வருகின்றன. அவற்றை எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பணத்தாசை, துயரம், கோபம், சோர்வு, வீண்புகழ், செருக்கு.

இதில் சோர்வுதான் எல்லாவற்றிலும் பாரமானது என்கிறார். கிரேக்கத்தில் 'அக்கேதியா'. திருப்பாடல் 91-ஐ ஒட்டி அதற்கு 'நண்பகல் பசாசு' என்று பெயர். காலை பத்து மணிவாக்கில் வரும். சூரியன் நகரவே நகராது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோலத் தோன்றும். இந்த இடமே சரியில்லை, இங்கே யாருக்கும் அன்பில்லை என்று தோன்றும். சில சமயம் நல்லவன் வேஷத்திலும் வரும்: யாரோ உடம்பு சரியில்லாமல் கிடக்கிறாராம், போய்ப் பார்த்துவிட்டு வரலாமே!

இதற்கு அவர் சொன்ன மருந்து எளிது: அறையைவிட்டுப் போகாதே. இன்னொன்று, பதில் பேசு. பாலைவனத்தில் இயேசு மறைநூல் வசனத்தால் சாத்தானுக்குப் பதில் சொன்னார் அல்லவா? அதைப் பின்பற்றி, எந்த எண்ணத்துக்கு எந்த வசனம் என்று ஏறக்குறைய 500 பதில்களைத் தொகுத்தார்.

553-இல் நடந்த பொதுச்சங்கத்தை ஒட்டி, ஒரிஜனோடு சேர்த்து இவரும் கண்டனம் செய்யப்பட்டார். சங்கம் கூடிய ஊர், அவர் தப்பி ஓடிய அதே கான்ஸ்டான்டினோபிள். ஆனாலும் சில நூல்கள் நீலுஸ் என்ற வேறொரு துறவியின் பெயரில் பிழைத்தன. சில சிரியாக்கு மொழியில் பிழைத்தன. அதற்கு முன்பே யோவான் காசியன் அந்த எட்டையும் மர்சேய்க்குக் கொண்டுபோயிருந்தார், எவாக்ரியுஸின் பெயரைச் சொல்லாமலே. பெரிய கிரகோரியார் பட்டியலை மாற்றி, செருக்கை வேராகவும் மற்ற ஏழைக் கிளைகளாகவும் வைத்தார். மறைக்கல்வி வகுப்பில் நாம் ஒப்பித்த தலையான பாவங்கள் ஏழும் இந்த வழியில் வந்தவைதான். அக்கேதியா மட்டும் அதில் வெறும் 'சோம்பல்' ஆகச் சுருங்கிவிட்டது.

சுருங்கியது அது மட்டும் அல்ல. எவாக்ரியுஸின் பட்டியல் பாவங்களின் பட்டியலே அல்ல, சோதனைகளின் பட்டியல். எண்ணம் வருவது நம் கையில் இல்லை. அதைத் தங்கவிடுவதா வேண்டாமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது என்றார். சிறுவயதில் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கும்போது, மனதில் வந்துபோன அத்தனையும் என் குற்றம் என்றே நடுங்கியிருக்கிறேன். கதவைத் தட்டியவனுக்கும் உள்ளே வந்து உட்கார்ந்தவனுக்கும் வித்தியாசம் உண்டு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம். கண்டனம் செய்யப்பட்ட ஒருவர் அதை எப்போதோ எழுதி வைத்திருந்தார்.